களைக்கொல்லி களையை மட்டும்தான் கொல்லுமா? பூசணிக் குடும்பத்தை வைத்து ஒரு விளக்கம்



கிள்ளான் சந்தையிலும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் நாம் வாங்கும் பூசணி, பரங்கி, வெள்ளரி, பாகல், பீர்க்கு, புடலை எல்லாம் ஒரே குடும்பம். அனைத்தும் இருவித்திலைத் தாவரங்கள். இந்தக் கொடிகளுக்கு நடுவே களை முளைத்தால், ‘புல்லு மருந்து அடிச்சா சரியாப் போயிடும்’ என்பார்கள். எந்த மருந்து என்று கேட்க வேண்டும்.

1. 2,4-டி: இது தாவர வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைப் போலச் செயல்படும். அகன்ற இலைக் களைகள் முறுக்கிக்கொண்டு சாகும், புல்வகைகள் தாங்கிக்கொள்ளும். பூசணியும் அகன்ற இலைதானே! பக்கத்து நிலத்தில் அடித்தது காற்றில் வந்தாலே கொடி சுருண்டுவிடும்.

2. கிளைபோசேட்: இலைவழி நுழைந்து வேர்வரை செல்லும். களை, பயிர் என்று பார்க்காது. ஆகவே நடுவதற்கு முன்புதான் பயன்படும்.

3. புளூவாசிபாப் போன்றவை: புல்வகைகளில் கொழுப்பமிலம் உருவாவதைத் தடுக்கும். பூசணியின் நொதி வேறு வடிவம் என்பதால் அது தப்பிக்கும். ஆனால் கோரை சாகாது. கோரை புல் அல்ல.

நடவு செய்த முதல் சில வாரங்களே முக்கியம். கொடி படர்ந்து நிழல் விழுந்துவிட்டால் களை தானாகக் குறையும். அதுவரை நெகிழித்தாள் மூடாக்கு போடலாம். கையால் மேலோட்டமாகவும் களையலாம். வேர்கள் மேல்மண்ணில் இருப்பதால் ஆழமாகக் கொத்தக் கூடாது. பள்ளித் தோட்டத்துக்கு இதுவே போதும், மருந்தே வேண்டாம்.

பயிருக்குப் பாதுகாப்பு என்றால் ஆளுக்கும் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. நம் தோட்டப்புறங்களில் முதுகில் தோம்பு சுமந்து மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம்மில் பலரின் அம்மாக்களும் பாட்டிகளும். அவர்கள் அடித்த பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே கிடையாது. மலேசியா 2002-இல் அதற்குத் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்தது.

தேர்வுக்கு: ‘2,4-டி நெல் வயலில் பயன்படுகிறது, பூசணித் தோட்டத்தில் ஏன் கூடாது?’ என்று கேட்டால், ‘விஷம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ஒருவித்திலை, இருவித்திலை வேறுபாட்டையும் ஆக்சினையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆசிரியர்கள் இந்தப் பாடத்தை நடத்தும்போது, வீட்டில் மருந்து அடித்த அனுபவம் உள்ளவர்களிடம் மாணவர்கள் பேசி வரச் சொல்லலாம். கையுறை, முகமூடி கொடுத்தார்களா என்பதையும் கேட்டு வரட்டும்.