திருச்சபை ஆண்டும் வார வேத ஆராய்ச்சியும்: கொங்கு நாட்டை முன்வைத்து ஒரு விளக்கம்

கோயம்புத்தூர் மாநகரின் ஒப்பணக்காரத் தெருவில் அத்தார் ஜமாஅத் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கிருந்து பெரிய கடை வீதிக்குள் நடந்தால் சிறிது நேரத்தில் தூய மிக்கேல் பேராலயத்தை அடைந்துவிடலாம். வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றில் குத்பா ஒலிக்கிறது. ஞாயிறுதோறும் மற்றொன்றில் விவிலியம் வாசிக்கப்படுகிறது. தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்தும், இந்த ஞாயிறன்று அங்கே எந்தப் பகுதி வாசிக்கப்படும், அதனை யார் தேர்ந்தார், ஏன் தேர்ந்தார் என்று கேட்டால் நம்முள் விடை சொல்லக் கூடியோர் சிலரே.

இத்தகைய வினாக்கள் நம் அறிவு மரபுக்குப் புதியனவல்ல. கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டி அல்-பிரூனி எழுதிய ‘அல்-ஆஸாருல் பாக்கியா’ என்னும் காலக்கணிப்பு நூல், மெல்கித்துக் கிறிஸ்தவர், நெஸ்தோரியக் கிறிஸ்தவர் ஆகியோரின் திருநாட்களையும் அவர்தம் நோன்புக் காலத்தைக் கணக்கிடும் முறையையும் தனித்தனி இயல்களில் விரித்துரைக்கிறது. அயலாரின் ஆண்டினை அவர்தம் கணக்கின்படியே அறிதல் என்னும் அந்நெறியைப் பின்பற்றி, கிறிஸ்தவ நாட்காட்டியை ஒட்டி ஓராண்டுக்கான வார வேத ஆராய்ச்சி எவ்வாறு திட்டமிடப்படுகிறது என்பதை ஈண்டு நோக்குவோம்.

ஆண்டின் அமைப்பு

ஹிஜ்ரி ஆண்டு முற்றிலும் பிறையை ஒட்டியது. இடைச்செருகல் மாதத்தைத் திருக்குர்ஆன் (9:37) கண்டித்து விலக்கியதால், ரமழான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. கிறிஸ்தவ ஆண்டோ ஞாயிற்றையும் திங்களையும் ஒருங்கே சார்ந்தது. கிறிஸ்து பிறப்புத் திருநாள் டிசம்பர் 25 என நிலைபெற்றது. உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டர், மார்ச் 21க்கோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு எனக் கணிக்கப்படுவது. எனவே மேலைத் திருச்சபைகளில் அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே எந்த ஞாயிறாகவும் அமையலாம். எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறன்று அதனைக் கொண்டாடவேண்டும் என்னும் முடிவு கி.பி. 325இல் நிக்கேயாவில் கூடிய சங்கத்தில் எடுக்கப்பட்டது.

இவ்விரு திருநாட்களையும் தூண்களாகக் கொண்டே ஆண்டு முழுவதும் கட்டப்படுகிறது. ஆண்டின் தொடக்கம் சனவரி அன்று; கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்காம் ஞாயிறு. அன்று தொடங்கும் திருவருகைக் காலத்தைச் சீர்திருத்தச் சபையார் ‘அட்வெந்து’ என்பர். பின்னர்க் கிறிஸ்து பிறப்புக் காலம். சிறிது பொதுக் காலம். திருநீற்றுப் புதனன்று தொடங்கும் தவக் காலம், அதாவது ‘லெந்து’ நாட்கள். ஈஸ்டர் முதல் பெந்தெகோஸ்தே வரை ஐம்பது நாட்கள். எஞ்சியது மீண்டும் நீண்ட பொதுக் காலம்.

கொங்கு நாட்டின் இரு மரபுகள்

கொங்கு நாட்டுக் கிறிஸ்தவத்தில் இவ்வாண்டு முறை எங்கும் ஒரே வகையில் வேரூன்றவில்லை. கத்தோலிக்க மரபு 17ஆம் நூற்றாண்டின் மதுரை மிஷன் காலந்தொட்டே கருமத்தம்பட்டி முதலிய ஊர்களில் நிலவுவது. 1850இல் கோயம்புத்தூர் தனித் திருத்தூது ஆட்சிப் பகுதியாகவும், 1886இல் மறைமாவட்டமாகவும் ஆயிற்று. அம்மரபில் திருவழிபாட்டு ஆண்டு உயிர்நாடி போன்றது.

சீர்திருத்த மரபோ வேறு வழியில் வந்தது. 1830இல் டபிள்யூ. பி. அடிஸ் கோயம்புத்தூரில் பணி தொடங்கியது இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பிலாகும். அச்சங்கத்தினரில் பெரும்பாலோர் ‘காங்கிரிகேஷனல்’ பிரிவினர். இங்கிலாந்துத் தூய்மைவாதிகளின் வழித்தோன்றல்கள். 1645ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் வழிபாட்டு நெறிநூல், வேதத்தில் ஆணையில்லாத திருநாட்களைத் தொடரலாகாது என்று விலக்கியிருந்தது. அவர்களுக்கு ஞாயிறு ஒன்றே நாள், வேதமே வரிசை. அதற்கும் முன்பே, 1519 சனவரியில், சூரிக் நகரில் உல்ரிச் ஸ்விங்லி வழக்கமான வாசகப் பட்டியலைக் கைவிட்டு, மத்தேயு நற்செய்தியை முதல் அதிகாரத்திலிருந்து தொடர்ச்சியாக விளக்கத் தொடங்கியிருந்தார்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, நாட்காட்டியைப் போற்றிய ஆங்கிலிக்கரும் அதனைப் பெரிதாகக் கருதாத காங்கிரிகேஷனல் மரபினரும் ஒரே திருச்சபையினர் ஆயினர். 1950இல் கோயம்புத்தூர்ப் பேராயம் அமைந்தது. அதன் முதற் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி, யோவான் நற்செய்தியைப் பக்தி மரபோடு ஒப்பிட்டு ஆய்ந்த அறிஞர். இன்று தென்னிந்தியத் திருச்சபை ஒவ்வோர் ஞாயிற்றுக்கும் ஒரு கருப்பொருளையும் அதற்குரிய வாசகங்களையும் ஆண்டுதோறும் வகுத்து வெளியிடுகிறது. பெந்தெகோஸ்தே மரபின் தனிச் சபைகளோ பெரும்பாலும் ஆண்டு முறையைப் பின்பற்றுவதில்லை. அங்கே போதகர் தேர்வதே பாடம்.

ஆக, வேதத்தைக் கற்க இரு வழிகள் உள்ளன. ஒன்று நூல்வழி; மற்றொன்று நாள்வழி. நமக்குப் பழகிய ஒப்புமை ஒன்று கூறலாம். ரமழானின் தராவீஹில் குர்ஆன் தொடக்கம் முதல் இறுதி வரை ஓதி முடிக்கப்படுகிறது, அது நூல்வழி. ஜும்ஆவின் குத்பாவிலோ காலத்துக்கும் தேவைக்கும் ஏற்ற வசனங்கள் எடுத்தாளப்படுகின்றன. அது ஓரளவுக்கு நாள்வழியை ஒத்தது. ஆயினும் குத்பாவின் வசனத்தை இமாம் தெரிந்தெடுக்கிறார். திருச்சபை ஆண்டில் அத்தேர்வு தனி மனிதர் கையில் இல்லை. போதகருக்கு விருப்பமான பகுதியே மீண்டும் மீண்டும் வருவதையும், விருப்பமில்லாதது விடுபடுவதையும் பட்டியல் தடுக்கிறது. அதன் முதற்பயன் இதுவே.

ஐம்பத்திரண்டு வாரங்கள்

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விளைவாக, 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை மூன்றாண்டுச் சுழற்சியுள்ள புதிய வாசக நூலை நடைமுறைப்படுத்தியது. முதலாண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா. யோவானுக்கெனத் தனியாண்டு இல்லை. தவக் காலத்திலும் பாஸ்கா காலத்திலும் அது பகிர்ந்தளிக்கப்படுகிறது. மூன்றால் வகுபடும் ஆண்டு லூக்காவுக்கு உரியது என்பது நினைவில் வைக்க எளிய கணக்கு. இவ்வமைப்பைத் தழுவியே 1992இல் சீர்திருத்தச் சபைகள் பலவற்றுக்குமான திருத்திய பொது வாசகப் பட்டியல் வெளிவந்தது.

எடுத்துக்காட்டாக, 2025 நவம்பர் 30 அன்று தொடங்கும் மத்தேயு ஆண்டைக் கொள்வோம். திருவருகைக்கு 4 வாரங்கள். கிறிஸ்து பிறப்புக்கு 2. பிப்ரவரி நடுப்பகுதி வரை 6. தவக் காலத்துக்கு 6. 2026 ஏப்ரல் 5 ஈஸ்டர் முதல் மே 24 பெந்தெகோஸ்தே வரை 8. அதன்பின் நவம்பர் 22 வரை 26. கூட்டினால் 52. வார ஆராய்ச்சியைத் திட்டமிடுவோர் முதலில் செய்ய வேண்டியது இந்த எண்ணிக்கையே. ஆண்டின் பாதி வாரங்கள் பெந்தெகோஸ்தேக்குப் பின்னரே வருகின்றன என்பதை உணராதோர், தவக் காலத்தில் ஆர்வத்துடன் தொடங்கி ஆடியில் சோர்ந்து போவர்.

ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்த வினா உண்டு. திருவருகையின் முதல் ஞாயிறு பாலன் பிறப்பைப் பேசுவதில்லை. மத்தேயு 24ஆம் அதிகாரத்தின் இறுதிநாள் எச்சரிக்கையைப் பேசுகிறது. அடுத்த இரு ஞாயிறுகளும் நாம் யஹ்யா (அலை) என்று போற்றும் யோவானைப் பற்றியவை. தவக் காலத்தின் முதல் ஞாயிறு பாலைநிலத்தின் நாற்பது நாள் நோன்பும் சோதனையும். அக்காலத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவிக் குருடர், இலாசர் ஆகியோரின் வரலாறுகள் யோவானிலிருந்து வருகின்றன. பாஸ்கா காலத்தில் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டை விட்டு அப்போஸ்தலர் பணிகளுக்கு மாறுகிறது. பொதுக் காலத்தில் மத்தேயு ஏறத்தாழ வரிசையாக வாசிக்கப்படுகிறது. நாள்வழிக்குள்ளேயே நூல்வழி இடம்பெறும் பகுதி இது.

செயல்முறையில் சில நெறிகள் வேண்டும். கடந்த ஞாயிறின் பகுதியைவிட வரும் ஞாயிறின் பகுதியை வாரநடுவில் ஆராய்வதே நன்று. அப்போது வழிபாட்டுக்கு வருவோர் ஆயத்தத்துடன் வருவர். நான்கு வாசகங்களையும் ஒரே மாலையில் தொட முயன்றால் எதுவும் நிலைக்காது. நற்செய்தியோடு வேறொன்று போதும். 1871இன் பவர் திருப்புதலையும் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் அருகருகே வைத்துப் படித்தால், சொல் வேறுபாடே நல்ல வினாக்களை எழுப்பும். ஊரின் காலத்தையும் மறத்தலாகாது. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலகங்களிலும் கோவையின் நூற்பாலைகளிலும் முறைமாற்றுப் பணி செய்வோருக்கு மாலைக் கூட்டம் எல்லா வாரமும் இயலாது. மார்ச், ஏப்ரல் தேர்வுக் காலம் பெரும்பாலும் தவக் காலத்தோடு மோதும். அறுப்பின் பண்டிகைக்கு எனச் சபைகள் ஒரு ஞாயிற்றை ஒதுக்கும். இவற்றை முன்னரே குறித்துக்கொண்டு நான்கைந்து வாரங்களை வெற்றிடமாக விடுவது திட்டத்துக்கு உயிரூட்டும்.

விடுபடுவது எது?

தேர்வு என்றாலே விடுபடுதலும் உண்டு. நாள்வழியின் நன்மையை ஏற்போர் அதன் குறையையும் எண்ணிப் பார்த்தல் நேர்மையாகும். 137ஆம் திருப்பாடல் கத்தோலிக்க ஞாயிறு வழிபாட்டில் வரும்போது, பழிவாங்கலை வேண்டும் அதன் இறுதி வரிகள் வாசிக்கப்படுவதில்லை. கேட்போர் புண்படலாகாது என்பது அதன் நியாயம். ஆனால் துயருற்றோரின் சினமும் வேதத்தில் பதிவாகியுள்ளது என்பதை அவர்கள் அறியாமலே போகக்கூடும்.

நமக்கு நெருக்கமான சான்று அன்னை ஹாஜராவின் வரலாறு. தொடக்கநூல் 21ஆம் அதிகாரத்தில், பாலைநிலத்தில் நீரின்றித் தவித்த தாயும் சேயும் இறைவனால் காக்கப்பட்ட செய்தி உள்ளது. கத்தோலிக்க வாசக நூலில் இது ஞாயிறன்று வருவதில்லை. ஒற்றைப்படை ஆண்டுகளில் வாரநாள் திருப்பலி ஒன்றில் வருகிறது. வாரநாளில் ஆலயம் செல்லாதோர் வாழ்நாள் முழுவதும் வழிபாட்டில் அதனைக் கேளாதிருக்க இயலும். திருத்திய பொது வாசகப் பட்டியலின் தொடர் வாசிப்பு வரிசையிலோ மத்தேயு ஆண்டின் ஜூன் ஞாயிறு ஒன்றில் அது இடம்பெறுகிறது. 2026இல் அது ஜூன் 21. ஹஜ்ஜின் ஸயீயில் நாம் நினைவுகூரும் அத்தாயைப் பற்றி, மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரு ஞாயிறன்று பேச இடம் வைத்திருப்பதும் வைக்காதிருப்பதும் சிறு வேறுபாடு அன்று. வார ஆராய்ச்சி இங்கேதான் பட்டியலுக்குத் துணையாக முடியும்: பட்டியல் விட்டதை வாரநடு மாலை எடுத்துக்கொள்ளலாம்.

அண்டை வீட்டார் கேட்பது

2026இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18. ஹிஜ்ரி 1447இன் ரமழானும் அதே வாரத்தில் பிறக்கிறது. இரு சமூகத்தாரும் ஒரே வாரத்தில் நோன்புக் காலத்துள் நுழைவது எப்போதாவது நிகழ்வது. 1997 நவம்பர் இறுதியிலும் 1998 பிப்ரவரியிலும் கோவை கண்ட துயரங்களை நாம் மறக்கவியலாது. அயலவரைப் பற்றிய அறியாமை வன்செயலைத் தானே உருவாக்குவதில்லை எனினும், வதந்தி எளிதில் ஊன்றும் நிலமாக அது அமைந்துவிடுகிறது. அவர்களின் ஆண்டினை அறிதல் அவர்களின் கொள்கையை ஏற்பதாகாது. ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய நம் நம்பிக்கையும் அவர்தம் நம்பிக்கையும் வேறு என்பதை மறைப்பதுமாகாது. அல்-பிரூனி எதையும் விட்டுக்கொடுத்து அவ்வியல்களை எழுதவில்லை.

அந்த மத்தேயு ஆண்டின் இறுதி ஞாயிறான 2026 நவம்பர் 22க்கு உரிய பகுதி மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி. பசித்தோர்க்கு உணவளித்ததும் நோயுற்றோரைக் கண்டதும் இறுதித் தீர்ப்பில் எவ்வாறு எண்ணப்படும் என்பதே அதன் பொருள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஹதீஸ் குத்ஸி ஒன்றை அறிந்த எவருக்கும் அது முற்றிலும் புதியதாகத் தோன்றாது. அந்த ஞாயிறன்று பெரிய கடை வீதியில் என்ன வாசிக்கப்படும் என்பது இனி நமக்குத் தெரியும். அதைக் கேட்டு வெளியே வரும் அண்டை வீட்டாரோடு அதுபற்றி ஒரு சொல் பேச முடியுமாயின், ஓராண்டின் கணக்கை அறிந்துகொண்ட பயன் நமக்கும் உரியதாகும்.