கடல் கடந்து கற்கும் நம் குருமாணவர்

பங்கிலிருந்து ஒரு பிள்ளை குருமடத்திற்குச் சென்றால் ஊரே மகிழ்கிறது. அப்பிள்ளையை ஆயர் பெருந்தகை உரோமை நகருக்கு அனுப்பிவிட்டாலோ அம்மகிழ்ச்சி பெருமையாக வளர்ந்துவிடுகிறது. சால்வை அணிவிக்கிறோம், மாலை சூட்டுகிறோம், விமான நிலையம் வரை சென்று வழியனுப்புகிறோம். ஆனால் அங்கே அவர் எவ்வாறு வாழ்கிறார், எதற்காக அனுப்பப்பட்டார், எத்தகையவராய்த் திரும்ப வேண்டும் என்பவற்றை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவே. அதனை இத்திங்கள் சற்றே சிந்திப்போம்.

மறைபரப்புப் பணிகளைக் கண்காணிக்கத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1622 ஆம் ஆண்டு உரோமையில் ஒரு பேராயத்தை நிறுவினார். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1627 இல், திருத்தந்தை எட்டாம் உர்பான் அதற்கென ஒரு கல்லூரியைத் தொடங்கினார். அவர் பெயராலேயே அது உர்பான் கல்லூரி என வழங்குகிறது. மறைபரப்பு நாடுகளின் இளைஞர் ஒரே கூரையின் கீழ்த் தங்கிக் கற்று, தத்தம் மக்களிடம் குருக்களாய்த் திரும்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். முந்நூறு ஆண்டுகள் எசுபானியச் சதுக்கத்தில் இயங்கிய அக்கல்லூரி, 1926 முதல் புனித பேதுரு பேராலயத்தை அடுத்துள்ள சானிக்குலக் குன்றின் மேல் அமைந்துள்ளது.

பழைய இல்லத்தின் சிற்றாலயம் மூன்று அரசர்களுக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. கீழ்த்திசையினின்று காணிக்கை ஏந்தி வந்தோர் அல்லவா அவர்கள்! ஆகவே ஆண்டுதோறும் திருக்காட்சிப் பெருவிழாவையொட்டி, மாணவர்கள் தத்தம் தாய்மொழியில் கவிதையும் உரையும் வழங்கும் அவை ஒன்று அக்காலத்தில் புகழ்பெற்று விளங்கியது. உரோமைக்கு வந்ததால் எவரும் தம் மொழியை இழந்துவிடலாகாது என்பதற்கு அது நல்லதொரு சான்று.

நம்மோடு குருமடத்தில் பயின்று பின்னர் உரோமை சென்ற நண்பர் சிலர் நமக்கு வான்கடிதங்கள் எழுதுவர். முதல் சில மாதக் கடிதங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒன்று போலவே இருக்கும். ஒரு காலத்தில் வகுப்புகள் இலத்தீனில் நடைபெற்றன; பின்னர் அவ்விடத்தை இத்தாலியம் பெற்றது. எனவே சென்றவுடன் மொழிப் பயிற்சி. அக்டோபரில் வகுப்புத் தொடக்கம். இங்கே நண்பர் குழுவை ஓயாது சிரிக்க வைத்தவர், அங்கே சொல் கிடைக்காமல் ஊமை போல் அமர்ந்திருப்பார். ஒப்புரவு அருட்சாதனத்தில் தம் உள்ளத்தைத் திறக்கவும் சொற்களைத் தேட வேண்டியிருக்கும். மாவு உணவும் பாலாடைக்கட்டியும் பழகுவதற்குள் அம்மா வைக்கும் இரசம் கனவில் வரும். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். தேர்வோ பெரும்பாலும் வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் எதிரே அமர்ந்து, அயல்மொழியில், கேட்டதற்கு அக்கணமே விடை சொல்ல வேண்டும். இறையியலில் மூன்றாண்டுகள் பயின்று முதற்பட்டம், மேலும் ஈராண்டுகளில் அடுத்த பட்டம், அதன் பின்னரே முனைவர் ஆய்வு எனப் படிப்பு நீளும்.

இவற்றையெல்லாம் விடக் கடினமானது வேறொன்று உண்டு. நண்பர் ஒருவருடைய தந்தை திடீரென இறந்துபோனார். தந்தி கிடைத்தபோது இங்கே அடக்கம் முடிந்திருந்தது. அவரால் வர இயலவில்லை. அன்றிரவு சிற்றாலயத்தில் தனியே முழந்தாளிட்டிருந்த அவரருகில் ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் வந்து முழந்தாளிட்டார். பின்னர் கொரிய நாட்டவர் ஒருவர். அவருக்குப் பின் மேலும் பலர். மறுநாள் திருப்பலியில் தம் தந்தையின் தமிழ்ப் பெயரை அவர்கள் தடுமாறித் தடுமாறி உச்சரித்து மன்றாடியதை அவர் எழுதியிருந்தார். "திருச்சபை பொதுவானது என்பதை நூலில் படித்திருந்தேன், அன்றுதான் கண்டேன்" என்பது அக்கடிதத்தின் வரி. அயல்நாட்டுக் கல்வி தரும் பெரும் பேறு பட்டமன்று; இந்த அறிவே.

எனினும் ஆபத்தும் உண்டு. நீண்ட காலம் அயலில் வாழ்பவருக்குச் சொந்த மக்கள் அயலார் ஆகிவிடலாம். திருச்சபை இதனை முன்பே அறிந்திருந்தது. 1660 இல் திருத்தந்தை ஏழாம் அலெக்சாண்டர், இக்கல்லூரி மாணவர் தம் பணித்தளத்திற்குத் திரும்புவதாக ஆணையிட்டு உறுதி கூற வேண்டும் என விதித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965 இல், குருமாணவர் இயன்றவரை தம் மக்களோடு வாழ்ந்தே உருவாக வேண்டும் என்று கற்பித்தது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1893 இல் கண்டியில் நிறுவிய பாப்பிறைக் குருமடம் 1955 இல் பூனா நகருக்கு மாற்றப்பட்டதும் இந்தியக் குருமாணவர் இந்திய மண்ணிலேயே உருவாக வழிவகுத்தது. எனவேதான் இந்நாளில் நம் குருமாணவர் பெரும்பாலும் இங்கேயே கற்கின்றனர். சிலர் மட்டும், பிறருக்குக் கற்பிக்கும் தகுதி பெறவென்று அனுப்பப்படுகின்றனர்.

திரும்பி வருதல் என்றால் என்ன என்பதற்குத் தனிநாயகம் அடிகளார் ஓர் எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913 இல் பிறந்த அவர், 1934 இல் உரோமை சென்று உர்பான் கல்லூரியில் பயின்றார். 1938 இல் அங்கேயே குருத்துவத் திருநிலை பெற்றார். புனித சிப்பிரியான் காலத்துக் கார்த்தேசு நகரக் குருக்களைப் பற்றி ஆய்ந்து முனைவரானார். பின்னர் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் பள்ளிப் பணிக்கு வந்தார். மேலை மொழிகள் பல கற்ற அம்முனைவர், அங்கே ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராய் அமர்ந்து தமிழிலக்கியம் பயின்றார்! 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து தமிழ் கற்றார். 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966 இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நிகழவும் அவரே முன்னின்றார். 1679 இல் அச்சான புரோயன்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீச அகராதியை வத்திக்கான் நூலகப் படியிலிருந்து 1966 இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தவரும் அவரே. உரோமை அவருக்கு உலகைக் காட்டியது. வடக்கன்குளம் அவரைத் தம் மக்களிடம் சேர்த்தது. இரண்டும் தேவைப்பட்டன.

அன்பார்ந்த பெற்றோரே, பங்கு மக்களே! அயலில் கற்கும் பிள்ளைக்கு நாம் செய்யக்கூடியவை சில உள. இன்று கைப்பேசியில் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் வீட்டின் கடன், அண்ணன் தம்பி பூசல் அனைத்தையும் அவர்மீது இறக்கி வைத்து அவர் உறக்கத்தைக் கெடுக்க வேண்டா. முக்கியமான துன்பத்தை முற்றிலும் மறைக்கவும் வேண்டா. ஊர்ச் செய்தி சொல்லுங்கள்: மழை பெய்ததா, நாற்று நட்டாயிற்றா, திருவிழாவில் கொடி ஏற்றியவர் யார் என்று. அவர் வேரில் ஊற்றும் நீர் அது. விடுமுறையில் வந்தால், அயல்நாட்டுப் பொருளை எதிர்பார்த்துக் கைகளைப் பார்க்காமல், முகத்தைப் பாருங்கள். பட்டம் பெற்றுத் திரும்பியவரைச் சிற்றூர்ப் பங்கிற்கு ஆயர் அனுப்பினால், "இவ்வளவு படித்தவருக்கு இந்த இடமா?" என்று கேட்டு அவர் உள்ளத்தில் கசப்பை விதைக்காதீர்கள்.

ஆபிரகாம் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டது பிறருக்கு ஆசியாய் விளங்குவதற்கே. நம் பிள்ளைகள் செல்வதும் அதற்காகவே. அவர்கள் நம்மவராகவே திரும்பி வர, இன்றிரவு குடும்பச் செபமாலையில் ஒரு மணியை அவர்களுக்காக ஒப்புக்கொடுப்போமாக.