வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு: நம் தோட்டத்து எடுத்துக்காட்டுகளோடு ஒரு விளக்கம்



முதலில் ஒரு கேள்வி. ஒரு கோப்பையில் கொதிக்கும் தண்ணீர் இருக்கிறது. ஒரு பெரிய தொட்டியில் குளிப்பதற்கு இதமான வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கிறது. இரண்டில் எதைச் சூடாக்க அதிக வெப்பம் தேவைப்பட்டிருக்கும்? வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "கோப்பைதான் டீச்சர், அதுதானே கொதிக்குது!" என்று பாதி வகுப்பாவது சொல்லும்.

அந்தப் பதில் தவறு. ஆனால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் நாம் பேசும் தமிழில் "சூடு" என்ற ஒரே சொல் எல்லா வேலையையும் செய்துவிடுகிறது. தண்ணி சூடா இருக்கு, உடம்பு சூடா இருக்கு, வெயில் சூடு தாங்கல. இயற்பியலுக்கு இது போதாது. அங்கே வெப்பம் ஒன்று, வெப்பநிலை இன்னொன்று.

தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் மாணவன் இதே இரண்டையும் மலாயில் சந்திக்கிறான். "ஹாபா" என்றால் வெப்பம். "சுஹு" என்றால் வெப்பநிலை. நம்முடைய "சூடு" போல அங்கேயும் "பானாஸ்" என்று ஒரு பேச்சுச்சொல் இருக்கிறது. தமிழிலேயே இந்த வேறுபாடு தெளிவாகாதவன், வரையறையை மனப்பாடம் செய்துவிடுவான். விளக்கம் கேட்கும் கேள்வியில் புள்ளியைக் கோட்டைவிடுவான். படிவம் 4 இயற்பியலில் வெப்பத்துக்கென்றே ஒரு முழு அத்தியாயம் இருப்பதை மறக்க வேண்டாம்.

கோப்பையும் தொட்டியும்

எல்லாப் பொருளிலும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கின்றன. அந்த அசைவு சராசரியாக எவ்வளவு வேகமாக இருக்கிறது என்பதைக் காட்டுவதே வெப்பநிலை. அதை டிகிரி செல்சியஸில் அளக்கிறோம். வெப்பம் என்பது வெப்பநிலை கூடிய பொருளிலிருந்து குறைந்த பொருளுக்குப் பாயும் சக்தி. அதை ஜூலில் அளக்கிறோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1 கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த 4,200 ஜூல் வேண்டும். இதைத்தான் தன்வெப்ப ஏற்புத்திறன் என்கிறோம்.

கோப்பை: 0.2 கிலோகிராம் தண்ணீர், 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு. 0.2 × 4,200 × 70 = 58,800 ஜூல்.

தொட்டி: 40 கிலோகிராம் தண்ணீர், 30 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு. 40 × 4,200 × 5 = 8,40,000 ஜூல்.

தொட்டி வாங்கிய வெப்பம் கோப்பையைப்போல் 14 மடங்குக்கும் மேல். ஆனாலும் அதன் வெப்பநிலை வெறும் 35 டிகிரிதான். லயத்து வீட்டில் விறகு மூட்டி, பெரிய டிரம்மில் குளிக்கத் தண்ணீர் காய வைத்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு கோப்பைத் தண்ணீருக்கு நாலு சுள்ளி போதும். டிரம் வெதுவெதுப்பாவதற்கே ஒரு கட்டு விறகு போய்விடும்.

கை பொய் சொல்லும்

காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் மேசையின் மரப்பலகையையும் அதன் இரும்புக் காலையும் தொட்டுப் பாருங்கள். இரும்பு "ஜில்"லென்று இருக்கும். அப்படியானால் இரும்பின் வெப்பநிலை குறைவா? இல்லை. இரவு முழுவதும் ஒரே அறையில் இருந்ததால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. இரும்பு நல்ல கடத்தி. கையிலிருந்து வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்கிறது. கை உணர்வது வெப்பம் போகும் வேகத்தை. வெப்பநிலையை அறிய வெப்பமானிதான் வேண்டும்.

ஆலையின் நீராவி

கோல சிலாங்கூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் செம்பனை ஆலை தெரியாமல் இருக்காது. 1917-இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நட்டது இங்கேதான்: இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில்.

ஆலைக்கு வரும் பழக்குலைகளை முதலில் அழுத்தமான நீராவியில் வேக வைக்கிறார்கள். பழங்கள் குலையிலிருந்து எளிதில் கழன்று வரும். எண்ணெயைக் கெடுக்கும் நொதிகளும் செயலிழக்கும். இதற்கு நீராவி ஏன்? 100 டிகிரியில் இருக்கும் 1 கிராம் தண்ணீர், அதே 100 டிகிரியிலேயே ஆவியாக மாற மட்டும் சுமார் 2,260 ஜூல் வாங்கிக்கொள்கிறது. இந்த நேரத்தில் வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாது. இதுவே மறைவெப்பம். ஆவி பழத்தில் பட்டு மீண்டும் நீராகும்போது அவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 1 கிராம் கொதிநீர் கையில் பட்டு 37 டிகிரிக்கு ஆறினால் சுமார் 265 ஜூல் கொடுக்கும். 1 கிராம் நீராவி பட்டால் 2,260-உம் 265-உம் சேர்ந்து சுமார் 2,525 ஜூல். இரண்டும் 100 டிகிரிதான். ஆனால் நீராவி கொடுப்பது ஒன்பது மடங்குக்கும் மேல். இட்லிப் பானையை உங்கள் பக்கமாகத் திறக்காதீர்கள் என்று அம்மா சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

வெளிச்சம் உண்டு, சூடு இல்லை

சக்தி என்றாலே சூடு என்று நினைத்துவிடவும் கூடாது. சிலாங்கூர் ஆற்றங்கரையில், கம்போங் குவாந்தானில், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னுவதைப் பார்க்கப் பல நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். மின்மினியின் வயிற்றில் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது வேதியல் சக்தி ஒளிச்சக்தியாக மாறுகிறது. அதில் வெளிப்படும் வெப்பம் மிகமிகக் குறைவு. பழைய இழை பல்புக்கு நாம் கொடுக்கும் மின்சக்தியிலோ நூற்றில் சுமார் 5 பங்குதான் வெளிச்சமாகும். மிச்சமெல்லாம் வெப்பமாகப் போய்விடும். சக்தி பல வடிவம் எடுக்கும். வெப்பம் அவற்றுள் ஒன்று.

தேர்வில் கவனிக்க

"இந்தப் பொருளின் வெப்பம் 35 டிகிரி" என்று எழுதாதீர்கள். 35 டிகிரி என்பது வெப்பநிலை.

"வெப்பநிலை பாய்கிறது" என்று எழுதாதீர்கள். பாய்வது வெப்பம். இரு பொருள்களின் வெப்பநிலையும் சமமானதும் நிகரப் பாய்வு நின்றுவிடும். அதுவே வெப்பச் சமநிலை.

"குளிர்ச்சி உள்ளே வந்தது" என்பதும் தவறு. வெப்பம் வெளியே போனது.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு செய்முறை. ஒரே மாதிரியான இரண்டு பாத்திரங்களில் 100 மில்லிலிட்டர், 200 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒரே அடுப்புத் தீயில் ஒவ்வொன்றையும் 2 நிமிடம் வையுங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன், எது எவ்வளவு ஏறியிருக்கும் என்று ஒவ்வொரு மாணவனும் காரணத்தோடு எழுதட்டும். இரண்டும் வாங்கிய வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். 200 மில்லிலிட்டரில் ஏற்றம் ஏறத்தாழ பாதியாக இருக்கும். அதன்பின் அந்த முதல் கேள்வியை, கோப்பையா தொட்டியா என்று, மறுபடி கேட்டுப் பாருங்கள்.