பாட்டுக்கென மூளையில் ஓர் இடம்

குருவிகள் பிறவியிலேயே பாடத் தெரிந்தவை என்றுதான் நானும் நெடுநாளாக நினைத்திருந்தேன். அது சரியல்ல. பிள்ளைகள் பேச்சைக் கற்பதுபோல, பாடும் பறவைகளின் குஞ்சுகளும் மூத்த பறவைகளைக் கேட்டே பாட்டைக் கற்கின்றன. 1950களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் தனியாக வளர்த்த சஃபிஞ்ச் குஞ்சுகள், பெரியவையானபின் அரைகுறைப் பாட்டையே பாடின.

இதற்கென மூளையில் தனி இடங்கள் உள்ளன. நியூயோர்க் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் பெர்னாண்டோ நொட்டபோமும் சகாக்களும் 1976இல் கனேரிப் பறவைகளில் இவற்றை அடையாளம் கண்டனர். எச்.வி.சி. எனும் நரம்புக்கலத் தொகுதி பாட்டின் ஒழுங்கை வகுக்கிறது. அதன் கட்டளை ஆர்.ஏ. எனும் தொகுதிக்குப் போய், மூளைத்தண்டு வழியாகக் குரலுறுப்பின் தசைகளை அடைகிறது. பாடும் ஆண் சீப்ரா ஃபிஞ்சில் இவை பெரியவை. பாடாத பெண்ணில் மிகச் சிறியவை.

இந்த இடங்கள் மாறாதவையும் அல்ல. ஆண் கனேரியின் எச்.வி.சி. இலையுதிர்காலத்தைவிட வசந்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரியது என நொட்டபோம் 1981இல் காட்டினார். வளர்ந்த கனேரியின் மூளையிலும் புதிய நரம்புக்கலங்கள் உருவாகின்றன என்பது 1983இல் வெளியானது. முதிர்ந்த மூளையில் புதுக் கலங்கள் தோன்றா என்ற நம்பிக்கை அதன்பின் ஆட்டங்கண்டது.

ஆனால் மூளை இருந்தால் மட்டும் போதாது, கேட்பதற்கு மூத்தோர் வேண்டும். அவுஸ்திரேலியாவின் ரீஜன்ட் தேனுண்ணிகள் காடழிப்பால் சில நூறாகக் குறைந்துவிட்டன. அவற்றின் ஆண்களில் ஏறக்குறைய 12 வீதமானவை வேறு இனங்களின் பாட்டையே பாடுவதை 2021இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அவற்றின் மூளையில் குறையில்லை. கற்கும் வயதில் பக்கத்தில் தம்மினத்து மூத்த ஆண் இல்லை, அவ்வளவுதான். அப்படிப் பாடுபவற்றுக்குத் துணை கிடைப்பதும் அரிது.

இதை வாசித்தபோது, வன்னியில் கூத்துப் பற்றி எழுதப் போன நாள் நினைவுக்கு வந்தது. அந்த ஊரின் அண்ணாவியார் போரில் போய்விட்டார். எஞ்சிய பாட்டுகளை அவரது மனைவி பாட, பேரன் கைபேசியில் பதிவுசெய்துகொண்டிருந்தான். அந்த அம்மா ஓரடி பாடிவிட்டு நிறுத்தி, "நீயும் பாடு" என்றார். அவன் வெட்கத்தோடு பாடினான்.

சீப்ரா ஃபிஞ்ச் குஞ்சுகள் ஒலிபெருக்கியில் கேட்பதைவிட, அருகிலிருந்து பாடும் பறவையிடமே நன்றாகக் கற்கின்றன. அதுவும் பொரித்து முதல் மூன்று மாதங்களுக்குள். பதிவு அவசியம்தான். ஆனால் அந்த அம்மா கேட்டது பதிவை அல்ல.