வாய்மொழித் தேர்வு: பேச்சுப் பயிற்சியோடு சட்ட அறிவும் வேண்டும்

எழுத்துத் தேர்வில் விடைத்தாள் எஞ்சுகிறது. வாய்மொழித் தேர்விலோ மதிப்பெண் மட்டுமே எஞ்சுகிறது. சாதிப் பாகுபாடு புகுவதற்கு அதுவே வழி.

ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 மதிப்பெண்கள் வைக்கப்பட்டிருந்தன. நேர்காணல் இரண்டு மூன்று நிமிடங்களே நடந்தது, பெற்றோரையும் ஊரையும் பற்றியே கேட்டார்கள் என மாணவர்கள் முறையிட்டனர். அஜய் ஹாசியா வழக்கில் 1980 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நேர்காணலுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கியது தன்னிச்சையானது என்றது. கல்லூரிச் சேர்க்கையில் அது 15 விழுக்காட்டை மிஞ்சலாகாது, நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் கூறியது. வேலைவாய்ப்பு நேர்காணல்களுக்கு இவ்வரம்பு அப்படியே பொருந்தாது.

பெற்றோர் யார், ஊர் எது என்பன நம் சமூகத்தில் சாதியை அறியும் கேள்விகள். ஆகவே, பயிற்சியின்போது அவற்றை நாமே கேட்க வேண்டும். கூச்சமின்றி ஒரு வரியில் விடை சொல்லிப் பாடத்துக்குத் திரும்ப மாணவரைப் பழக்க வேண்டும். நாளிதழ்ப் பத்தி ஒன்றை உரக்கப் படித்து, பின் பார்க்காமல் இரண்டு நிமிடம் விளக்கச் செய்யலாம். தெளிவின்மையைத் திருத்துவோம், வீட்டில் பேசும் வழக்கைப் பிழையென்று இழிவுபடுத்தலாகாது.

தேர்வறையை விட்டு வந்ததும், கேட்கப்பட்ட கேள்விகளையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் தேதியிட்டு எழுதி வைக்கச் சொல்வோம். ஒலிப்பதிவு இல்லாத இடத்தில், முறையிட நேர்ந்தால் அக்குறிப்பே கைகொடுக்கும்.