மனிதன் கூண்டிலே! சுறா வெளியிலே!

மிருகக்காட்சி சாலைக்குப் போயிருப்பீர்கள். அங்கே சிங்கம் கூண்டுக்குள் இருக்கும். நாம் வெளியே நின்று வேடிக்கை பார்ப்போம்.

இது தலைகீழாக மாறினால் எப்படி இருக்கும்? மனிதன் கூண்டுக்குள்ளே, மிருகம் வெளியே!

கடலில் இப்படி ஓர் அதிசயம் நடக்கிறது. கூண்டைச் சுற்றி வருவது வெள்ளைச் சுறா. அதில் பெரியது 20 அடி நீளம் வரை இருக்கும். வாயிலே வரிசை வரிசையாகப் பற்கள். ஒரு பல் விழுந்தால், பின்வரிசையில் உள்ள பல் அந்த இடத்துக்கு வந்துவிடும்!

வெள்ளைச் சுறாவைப் பார்ப்பதற்காகக் கூண்டு செய்த முன்னோடி யார் தெரியுமா? அதே சுறாவின் வாயில் அகப்பட்டு, உயிர் பிழைத்த ஒருவர்தான்!

சுறாவின் வாயில்

அவர் பெயர் ரோட்னி பாக்ஸ். ஆஸ்திரேலியாக்காரர். கடலில் மூழ்கி ஈட்டியால் மீன் குத்துவதில் கெட்டிக்காரர்.

1963-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, அடிலெய்டு நகருக்குத் தெற்கே ஆல்டிங்கா கடற்கரையில் மீன் குத்தும் போட்டி நடந்தது. பாக்சும் அதில் கலந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 23.

தண்ணீருக்குள் ஒரு மீனைத் தேடிப் போனார். திடீரென்று ஏதோ வந்து பலமாக மோதியது. வெள்ளைச் சுறா! அவருடைய மார்பையும் முதுகையும் சேர்த்துக் கவ்விவிட்டது.

பாக்ஸ் அதன் கண்ணைக் குத்தப் பார்த்தார். பிடி விட்டது. ஆனால் அவருடைய கை சுறாவின் பற்களில் பட்டுக் கிழிந்தது.

எப்படியோ மேலே வந்தார். சுறா மறுபடியும் வந்தது. இந்தத் தடவை, அவர் இடுப்பில் கட்டியிருந்த மிதவைக் கயிறு இழுபட்டது. அவரும் கூடவே கடலுக்குள் போனார். நல்ல வேளை, கயிறு அறுந்தது! பக்கத்தில் வந்த படகு அவரைத் தூக்கிக்கொண்டது.

விலா எலும்புகள் முறிந்திருந்தன. நுரையீரலிலும் காயம். அவர் அணிந்திருந்த ரப்பர் உடைதான் கிழிந்த உடலை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் 400-க்கும் மேற்பட்ட தையல்கள் போட்டார்கள்.

சிங்கம் தந்த யோசனை

வேறு ஒருவராக இருந்தால் கடல் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார். பாக்ஸ் சில மாதங்களிலேயே மறுபடியும் கடலில் இறங்கினார்!

ஒரு நாள் மிருகக்காட்சி சாலையில் சிங்கக் கூண்டைப் பார்த்தார். கூண்டுக்குள் தான் இருந்துகொண்டு சுறாவைப் பார்க்கலாமே என்று தோன்றியது. இரும்புக் கூண்டு தயார் ஆயிற்று.

1965-ல் அதை எடுத்துக்கொண்டு கடலுக்குப் புறப்பட்டார். சுறாவிடம் கடிபட்ட வேறு இருவரும் கூடப் போனார்கள். அவர்களில் ஒருவர் காலையே பறிகொடுத்தவர்!

1975-ல் 'ஜாஸ்' என்ற ஆங்கிலப் படம் வெளிவந்தது. அதற்காக நிஜச் சுறாவைப் படம் பிடிக்க பாக்ஸ் உதவினார். ஒரு சுறா கூண்டின் கயிற்றில் சிக்கி, கூண்டையே நொறுக்கிவிட்டது. அப்போது உள்ளே ஆள் இல்லை!

கூண்டை ஏன் கடிக்கிறது?

இப்போது ஆஸ்திரேலியாவில் நெப்டியூன் தீவுகளுக்கு அருகே இந்தக் காட்சியைக் காணலாம். படகிலிருந்து மீன் துண்டுகளைப் போட்டு, வாசனை காட்டிச் சுறாவை வரவழைப்பார்கள். கூண்டில் இருப்பவர் படகிலிருந்து வரும் குழாய் வழியாக மூச்சு விடுவார்.

சில சமயம் சுறா கூண்டைக் கடித்துப் பார்க்கும். அது கோபம் அல்ல. உப்புத் தண்ணீரில் உலோகம் இருந்தால் மிக லேசான மின்சாரம் உண்டாகும். அதை உணரும் நுட்பமான துளைகள் சுறாவின் மூக்கருகே இருக்கின்றன. 'இது என்ன?' என்று தெரிந்துகொள்ள அதற்குக் கை கிடையாது. ஆகவே வாயால் தொட்டுப் பார்க்கிறது!

மனிதனைக் கடித்தாலும், பெரும்பாலும் அவனைத் தின்னாமல் விட்டுப் போய்விடுகிறது.

யார் யாருக்கு எமன்?

'ஜாஸ்' படம் பார்த்தவர்கள் சுறா என்றாலே நடுங்கினார்கள். பலர் அதை வேட்டையாடினார்கள். சுறா மனிதனைக் கொல்வது எப்போதோ ஒரு தடவை. மனிதன் கொல்லும் சுறாக்களோ ஆண்டுக்குக் கோடிக்கணக்கில்!

1991-ல் தென் ஆப்பிரிக்கா, வெள்ளைச் சுறாவைக் கொல்லக்கூடாது என்று சட்டம் போட்டது. உலகிலேயே இதை முதலில் செய்த நாடு அதுதான். பிறகு ஆஸ்திரேலியாவும் சட்டம் கொண்டுவந்தது.

பாக்ஸ் என்ன செய்தார்? தம்மைக் கடித்த சுறா மீது பழி தீர்த்துக்கொள்ளவில்லை. ஆட்களைக் கூண்டில் இறக்கி, சுறாவை நேரில் காட்டினார். அதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார்.

கூண்டுக்குள் இறங்கியபோது அவர் உடம்பில் தழும்புகள் இருந்தன. பகை இல்லை.