அமைவுக் கோப்பு முரண்பாடு

அமைவுக் கோப்பு முரண்பாடு என்பது டெபியன், உபுண்டு போன்ற லினக்சு இயங்குதளங்களில் பொதிகளை இற்றைப்படுத்தும்போது எழும் ஒரு சிக்கலாகும். டிபிகேஜி கருவி, தான் முன்பு நிறுவிய அமைவுக் கோப்பின் எம்டி5 சரிபார்ப்புத் தொகையைக் குறித்து வைத்திருக்கும். பயனர் அக்கோப்பை மாற்றாவிடில் புதிய பதிப்பு தானாக நிறுவப்படும். பயனர் மட்டும் மாற்றியிருந்தால் அவரது கோப்பு அப்படியே இருக்கும். பயனரும் பொதியும் மாற்றியிருந்தால், எதை வைத்துக்கொள்வது என்று கருவி கேட்கும்.

தானியங்கி இற்றைப்படுத்தலில் விடையளிக்க ஆளில்லை. எனவே 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' நிரல் இயல்பாக அப்பொதியை நிறுவாமல் விட்டுவிடும். அதிலுள்ள பாதுகாப்புத் திருத்தமும் கிடைக்காது. 'ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்ட்' தெரிவை இட்டால் பொதி புதுப்பிக்கப்படும். பயனரின் கோப்பும் நீடிக்கும். புதிய கோப்பு '.டிபிகேஜி-டிஸ்ட்' என்ற பின்னொட்டுடன் அருகில் சேமிக்கப்படும். இரண்டையும் ஒப்பிட்டு, தேவையான புதிய வரிகளைச் சேர்ப்பது நிர்வாகியின் பணியாகும்.